அறிவுசார் குறைபாடுள்ள பெரியவருக்கு ஆபரேஷனா? மயக்க மருந்துக்கு முந்தைய செடேஷன்: வீட்டாருக்கு ஒரு முழு வழிகாட்டி

என் தம்பிக்கு 34 வயது, 78 கிலோ. பேச்சு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து சொற்கள்தான். வலிப்புக்கு இருபது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். முடி வெட்டுவதற்கே மூன்று பேர் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி, ராத்திரியெல்லாம் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். பல் டாக்டர் டார்ச்சைக் கையில் எடுத்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். "முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும்மா, நாற்காலியில முடியாது" என்றார் அவர்.

முதல் முறை சொதப்பியது. ஒரு ஆஸ்பத்திரியில் காலை 7 மணிக்கு வார்டில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், "முதல் கேஸ் உங்களோடதுதான்" என்றார்கள், இடையில் ஒரு எமர்ஜென்சி வந்துவிட்டது, தியேட்டரிலிருந்து கூப்பிட்டபோது மணி 10:40. அதற்குள் அவன் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, பசியோடும் கால் தள்ளாட்டத்தோடும் எரிச்சலாக உட்கார்ந்திருந்தான். பச்சை உடுப்புக்காரர்களைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து பேர் பிடித்தும் கையில் ஊசி ஏற்ற முடியவில்லை. கேஸ் கேன்சல். அதற்கப்புறம் எட்டு மாதம், அந்தத் தெருவில் ஆட்டோ திரும்பினாலே கத்துவான்.

இரண்டாம் முறை, வேறு இடத்தில், சத்தமில்லாமல் முடிந்தது. மருந்தும் வேறுதான், ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் நேரமும் முன்னேற்பாடும். அந்த முன்னேற்பாட்டில் பாதி வீட்டார் கையில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதப் போவதில்லை, அது மயக்க டாக்டர் ஆளைப் பார்த்து முடிவு செய்வது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செடேஷன் வேறு, அனஸ்தீஷியா வேறு. அனஸ்தீஷியா என்றால் முழு மயக்கம், மூச்சையே டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னால், முகத்தில் மாஸ்க் வைக்கவோ கையில் ஊசி ஏற்றவோ ஆள் ஒத்துழைக்கிற அளவுக்குப் பதற்றத்தைத் தணிக்கத் தருவதுதான் செடேஷன். டாக்டர்கள் 'ப்ரீமெட்' என்பார்கள். நமக்கெல்லாம் "பயப்படாதீங்க" என்று சொன்னால் போதும். அந்தச் சொல் போய்ச் சேராதவர்களுக்குத்தான் மருந்து சேர வேண்டியிருக்கிறது.

1. ஃபிட்னஸ் பார்க்கும் நாள்: இங்கேதான் பாதி வேலை

ஆபரேஷனுக்கு முன் 'அனஸ்தீஷியா ஃபிட்னஸ்' வாங்கி வரச் சொல்வார்கள். பல இடங்களில் இது ஒரு இசிஜி, ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு கையெழுத்து என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விடாதீர்கள். மயக்க டாக்டரோடு உட்கார்ந்து பேச பத்து நிமிடம் வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் அன்றைக்கு மயக்கம் கொடுக்கப் போகிறவரே பார்க்கும்படி கேளுங்கள். ஆளை அழைத்துப்போவதே கஷ்டம் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசலாமா என்றும் கேட்கலாம். நான் அப்படித்தான் செய்தேன், செல்போனில் மூன்று வீடியோவோடு: அவன் ரத்தம் எடுக்கும்போது என்ன செய்தான், எப்படி நடக்கிறான், ராத்திரி எப்படிக் குறட்டை விடுகிறான். குறட்டை வீடியோவை டாக்டர் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்குத் தணிப்பு மருந்து கொடுத்தால் தொண்டை இன்னும் தளர்ந்து மூச்சு அடைபடலாம். அப்படிப்பட்டவருக்கு வார்டில் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு யாரும் பார்க்காமல் விடுவது ஆபத்து.

சொல்லியே ஆக வேண்டியவை சில உண்டு. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கார்பமஸபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரைகள் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைப்பதால், வாய்வழி தரும் மிடாசோலம் என்ற தணிப்பு மருந்து அவர்களுக்கு வந்த சுவடே தெரியாமல் போகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகள் அதே மிடாசோலத்தை உடம்பில் நெடுநேரம் தங்க வைக்கும். ரிஸ்பெரிடோன் மாதிரி ஏற்கனவே தூக்கம் தருகிற மாத்திரை இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சித்த மருந்து, நாட்டு மருந்து கொடுத்தாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

குறைபாட்டுக்கான காரணம் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்றால் டாக்டர் கழுத்தைப் பற்றிக் கேட்பார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும், மயக்கத்தில் தலையைத் திருப்பும்போது கவனம் வேண்டும். அண்மையில் நடை மாறியிருந்தாலோ, கை பலவீனமாகியிருந்தாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தாலோ அவசியம் சொல்லுங்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள், தைராய்டும் அடிக்கடி குறைந்திருக்கும், ஆகவே பழைய எக்கோ ரிப்போர்ட், தைராய்டு ரிப்போர்ட் இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள். பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குச் சாப்பாடு எதுக்களித்து வருவது, எச்சில் புரைக்கேறுவது, கை கால் மடங்கி இறுகியிருப்பது ஆகியவை முக்கியம். அடங்காத பசி வரும் ப்ரேடர்-வில்லி சிண்ட்ரோம் என்றால் பட்டினி என்கிற சொல்லையே நம்பக் கூடாது, எங்கேயாவது எடுத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

2. ஒரே ஒரு பக்கம்

பிரிட்டனில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 'மருத்துவமனை பாஸ்போர்ட்' என்று ஒரு தாள் கையில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் சிக்னல் விளக்கு மாதிரி மூன்று நிறம்: கட்டாயம் தெரிய வேண்டியது சிவப்பில், முக்கியமானது மஞ்சளில், பிடித்தது பிடிக்காதது பச்சையில். அதைப் பார்த்து நானும் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். சிவப்பில்: வலிப்பு உண்டு, இந்த மாத்திரை இந்த நேரம், போன தடவை இந்த மருந்து வேலை செய்யவில்லை. மஞ்சளில்: வலது கையைத் தொட்டால் அடிப்பான், இடது கையைத் தருவான், வலி வந்தால் அழ மாட்டான், காதைத் தட்டுவான். பச்சையில்: விசில் அடித்தால் சிரிப்பான், 'ஊசி' என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். சிஸ்டர்கள் ஷிஃப்ட் மாறும்போது வாய்ச்சொல் தொலைந்துபோகும், தாள் கேஸ் ஷீட்டோடு போகும். நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டில் ஒத்திகை

இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் கிளிப் மீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும், அதைத் தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் மாட்டிப் பழக்கினோம். முதலில் அம்மா விரலில், அப்புறம் என் விரலில், அப்புறம் அவன் விரலில். நெபுலைசர் மாஸ்க் ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி, உள்ளே துளி ரோஸ் எசன்ஸ் தடவிக் கொடுத்தோம். மூக்கருகே கொண்டுபோனால் போதும், ஐந்தாவது நாள் அவனே வைத்துக்கொண்டான். பிபி பட்டையும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட உதவியது ஊசியில்லாத சிரிஞ்ச். 10 மில்லி சிரிஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் விடுவோம். வாய்வழி மிடாசோலம் நல்ல கசப்பு, முதல் மடக்கிலேயே துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, மறுபடி கொடுக்கவும் டாக்டர் யோசிப்பார். சிரிஞ்ச் என்றால் இனிப்பு என்று பழகியிருந்ததால் அன்றைக்குக் கசப்பு தெரிவதற்குள் விழுங்கிவிட்டான். முகத்தை மட்டும் சுளித்தான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எதுக்கு இவ்வளவு பாடு, குழந்தைகளுக்கு ஸ்கேனுக்குக் கொடுக்கிற தூக்க சிரப்பை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு உறவுக்காரர் கட்டாயம் சொல்வார். செய்யாதீர்கள். வழியில் ஆட்டோவில் மூச்சு குறைந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்? தியேட்டரில் தரும் மருந்தோடு அது சேரும் என்பது தெரியாமல் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். முந்தின ராத்திரியோ விடியற்காலையோ மாத்திரை தேவை என்று மயக்க டாக்டரே சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம், எழுதிய அளவை மட்டும் கொடுங்கள்.

4. எந்த மருந்து, எந்த வழி

டாக்டர் சொல்லும்போது விழிக்காமல் இருக்க இதெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது.

வாய்வழி மிடாசோலம்தான் பரவலாகத் தருவது. இருபது முப்பது நிமிடத்தில் வேலை செய்யும், ஒரு மணி நேரம் தாண்டினால் இறங்கத் தொடங்கிவிடும், நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. குழந்தைகளுக்குக் கிலோ கணக்குப் போட்டுத் தருவார்கள், பெரியவர்களுக்கு எடைக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போக மாட்டார்கள், ஒரு உச்ச அளவோடு நிறுத்துவார்கள். அதனால்தான் பருமனான ஆளுக்குச் சில சமயம் போதாமல் போகிறது. இன்னொன்று, சிலருக்கு இது எதிர்மாறாக வேலை செய்யும்: அழுகை, காரணமில்லாத சிரிப்பு, முரட்டுத்தனம். முன்பு எப்போதாவது அப்படி நடந்திருந்தால் அது உங்கள் சிவப்புப் பகுதியில் முதல் வரி. மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில் என்ற முறிவு மருந்து உண்டு, ஆனால் வலிப்பு உள்ளவர்களுக்கு அது வலிப்பையே கிளப்பிவிடலாம். அதனால் எங்கள் டாக்டர் "முறிவு இருக்குன்னு நம்பி அதிகமா கொடுக்கிற கதை இவருக்கு வேண்டாம்" என்றார்.

அதே மிடாசோலத்தை மூக்கில் தெளிக்கவும் செய்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் மூக்கு எரியும், எரிந்தால் அடுத்த மூக்கைக் காட்ட மாட்டார்கள். தவிர பெரியவர் மூக்கும் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிக்கு மேல் தாங்காது, மிச்சம் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

டெக்ஸ்மெடிடோமிடினையும் மூக்கில் விடலாம். எரிச்சல் இல்லை, மூச்சை அதிகம் அமுக்காது, தூக்கமும் இயல்பான தூக்கம் மாதிரி. சிக்கல் என்னவென்றால் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும், நாடித்துடிப்பும் பிபியும் குறையும். ஏற்கனவே நாடி மெதுவாக இருப்பவர்கள், சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள் என்றால் டாக்டர் யோசிப்பார். சலசலப்பு கேட்டால் கண் விழித்துவிடுவார்கள் என்பதால் அறை அமைதியாக இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாம் முறை கைகொடுத்தது மிடாசோலம் கொஞ்சம் வாயில், டெக்ஸ்மெடிடோமிடின் கொஞ்சம் மூக்கில். இரண்டு மருந்தைச் சேர்ப்பது டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்க்கும்போது மட்டும்.

கடைசியாகக் கெட்டமின் ஊசி. எதையும் விழுங்காத, யாரையும் கிட்ட விடாத, ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாதவருக்கு. தொடையிலோ தோளிலோ போட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஆள் அடங்கிவிடுவார். கண் திறந்தே இருக்கும், பார்க்கிற வீட்டாருக்கு அது பயமாக இருக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எச்சில் பெருகும், வாந்தி வரலாம், விழிக்கும்போது கெட்ட கனவு கண்டவர் போல மிரளலாம். பெரிய உடம்புக்கு மருந்தும் நிறைய மில்லி தேவைப்படும், அதனால் ஊசி வலிக்கும். டாக்டர் சட்டென்று கெட்டமின் என்று ஆரம்பித்தால், "வேற வழி எதையாவது முதல்ல முயற்சி பண்ணிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்பதில் தப்பில்லை. அவரும் காரணத்தைச் சொல்வார்.

5. பட்டினி

வழக்கமான கணக்கு: தண்ணீர், பாலில்லாத காபி டீ மாதிரி தெளிவான பானம் 2 மணி நேரம், பால், இட்லி போன்ற லேசான சாப்பாடு 6 மணி நேரம், பூரி, பிரியாணி, எண்ணெய் பதார்த்தம் 8 மணி நேரம். பால் விட்ட காபியும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும், "ஒரு வாய் டீதானே" என்று தாத்தா பாட்டி கொடுத்துவிடுவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும். ஆஸ்பத்திரி வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர்கூட வேண்டாம்" என்று மொத்தமாகச் சொன்னால், தண்ணீருக்கு மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், தாகத்தோடு இருப்பவரைத் தணிக்க மருந்தும் திணறும். வலிப்பு மாத்திரையை அன்றைக்குக் காலையில் நிறுத்தவே கூடாது, டாக்டர் சொன்ன நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு. அடுக்களையைப் பூட்டுங்கள், ஃப்ரிட்ஜை மறக்காதீர்கள். வீட்டில் மற்றவர்களும் அவர் கண் முன்னால் சாப்பிடாமல் இருப்பது நியாயம்.

6. அன்றைய காலை

முதல் கேஸாகப் போடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், "தியேட்டர் காலி, டேபிள் தயார்" என்று தகவல் வந்த பிறகுதான் மருந்து தர வேண்டும் என்று முந்தின நாளே பேசிவைப்பது. முதல் தடவை எங்களுக்கு நடந்தது இந்த ஒரு விஷயத்தில் கோட்டை விட்டதால்தான். இரண்டாம் தடவை வார்டுக்கே போகவில்லை. தியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள், ஒரு டியூப்லைட்டை அணைத்தார்கள், மயக்க டாக்டர் பச்சை உடுப்பு இல்லாமல் சாதாரணச் சட்டையில் வந்து அவனோடு உட்கார்ந்து விசில் அடித்தார்.

மரத்துப்போகும் க்ரீமை, எம்லா மாதிரி, இரண்டு கையிலும் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டிவிடலாம், ஒரு மணி நேரமாவது ஆகும். பிய்த்துவிடுபவர் என்றால் மேலே முழுக்கைச் சட்டை. ஆஸ்பத்திரி கவுனுக்காகச் சண்டை போடாதீர்கள், தூங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். கழிவறைக்கு அழைத்துப்போவது மருந்துக்கு முன்னால். மருந்து உள்ளே போன பிறகு அவர் நடக்கக் கூடாது, தள்ளுவண்டியில்தான் இருக்க வேண்டும், விரல் கிளிப்பும் ஆக்சிஜனும் மூச்சைக் கவனிக்கத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டியில் ஏறப் பயப்படுபவர் என்றால் மருந்தையே வண்டியில் உட்கார வைத்துக் கொடுங்கள்.

யார் கூட இருப்பது? அழாத ஆள். எங்கள் அம்மாவுக்கு அன்றைக்கு வீட்டில் வேலை இருந்தது, அதாவது வேலை இருப்பதாக ஏற்பாடு செய்தேன். மயக்கம் வரும்வரை ஒருவரை உள்ளே விடும்படி கேட்டு, தியேட்டர் உடுப்பு மாட்டிக்கொண்டு நான் போனேன்.

பிடித்து வைப்பது பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். எவ்வளவு தூரம் போகலாம், யார் எந்தக் கையைப் பிடிப்பது, எந்தக் கட்டத்தில் "இன்றைக்கு வேண்டாம்" என்று நிறுத்துவது. பல்லு போன்ற விஷயத்துக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரலாம். நெஞ்சிலும் முதுகிலும் ஏறி அமுக்குவது எந்த நிலையிலும் கூடாது, மூச்சு நின்றுவிடும்.

கையெழுத்துக்கும் ஒரு குறிப்பு. 18 வயது தாண்டிய பிறகு அப்பா அம்மாகூடச் சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் ஆணை வாங்கிக்கொள்ளலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது உண்டு. அதே நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். ஆணை கையில் இருந்தாலும், தம்பியிடம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். "பல்லு, தூக்கம், வீடு" என்ற மூன்று சொல்லில் படம் காட்டிச் சொன்னோம். தலையாட்டினான்.

7. தூங்கும்போது வேறு என்ன முடித்துக்கொள்ளலாம்

இது நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. ஒரு முழு மயக்கம் கிடைக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை, காது அழுக்கு, நகம், கண் பரிசோதனை, தடுப்பூசி, பெண்கள் என்றால் மகளிர் டாக்டர் பரிசோதனை என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டியே கேட்டு, டாக்டர்கள் ஒத்துக்கொண்டு, ஒப்புதல் படிவத்திலும் எழுதியிருக்க வேண்டும். தம்பிக்கு நகமும் காதும் தைராய்டு ரத்தமும் முடிந்தது. முடி வெட்டச் சொல்லிக் கேட்டேன், சிரித்துவிட்டுத் தியேட்டரில் முடி பறக்கக் கூடாது என்றார்கள்.

8. விழிக்கும்போது, வீடு திரும்பும்போது

கண் விழிக்கும் முதல் அரை மணிதான் அடுத்த கண்டம். கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்றும் குழாயை, பிடுங்கிவிடுவார்கள், ரத்தம் பீய்ச்சும், எல்லாரும் ஓடிவருவார்கள். தேவையில்லை என்றால் முழுசாக விழிப்பதற்கு முன்பே எடுத்துவிடலாமா, இல்லையென்றால் முழங்கை வரை துணி சுற்றிவிடலாமா என்று கேளுங்கள். கண் திறக்கும்போது தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும். பல் எடுத்தவர் உதடு மரத்திருப்பதால் கடித்துக்கொள்வார், பஞ்சை விழுங்கப் பார்ப்பார், விரலை விட்டுத் தோண்டுவார்.

வலி இருக்கிறதா என்று 'பத்துக்கு எத்தனை' கணக்கில் இவர்களிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் தாளில் எழுதியதுதான் அளவுகோல்: காதைத் தட்டுகிறாரா, சாப்பாட்டைத் தள்ளுகிறாரா. சந்தேகம் என்றால் வலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பைக்கில் இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்து அழைத்துவராதீர்கள். தலை சாய்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது. கார் அல்லது ஆட்டோ, ஓட்டுநர் தவிர இரண்டு பேர். அன்றைக்கு ராத்திரி ஒருவர் அதே அறையில் படுத்து மூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டும், குறட்டைக்காரர் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், மூச்சு விட்டு விட்டு வருகிறது, வலிப்பு வந்தது என்றால் 108. வழக்கமான மாத்திரைகளை எப்போது தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் எழுதி வாங்கிவிடுங்கள்.

கிளம்பும் முன் இன்னும் ஒன்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஜிஏ (முழு மயக்கம்) கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரிதான் இருக்கும். மயக்க டாக்டர் கையால் எழுதும் அனஸ்தீஷியா சார்ட்டின் நகலைக் கேளுங்கள், தர யோசித்தால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்படி இருந்தார் என்பதையாவது தனிச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் போனிலும், அம்மாவின் பீரோவிலும், தம்பியின் மாத்திரை டப்பா மூடியின் உட்புறத்திலும் இருக்கிறது. கடைசி வரியில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே அவர் எழுதியிருப்பது: "விசில் வேலை செய்கிறது."